அறுந்து அறுந்து வரும் இணைப்பை வைத்து வீட்டு யுனிக்ஸ் வழங்கி அமைத்தல்: டொங்கிள் மோடத்திலிருந்து வெளியூர் அணுகல் வரை

வன்னியில் ஒரு வீட்டுக்கு இணையம் எடுப்பது இப்போது பெரிய காரியமல்ல. எடுத்த இணையம் மாரி மழையிலும், மின்தடையிலும், டேட்டா தீர்ந்த மாதக் கடைசியிலும் என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. பல வீடுகளில் ஒருவருடைய கைத்தொலைபேசியின் ஹொட்ஸ்பொட்டே முழு வீட்டுக்கும் இணையமாக இருக்கிறது; அந்த ஆள் வயலுக்கோ கடைக்கோ புறப்பட்டால் இணையமும் அவரோடு புறப்பட்டுவிடும். இந்த வழிகாட்டி அதற்கு மாற்றாக, ஒரு பழைய மடிக்கணினியையும், சிம் போட்டு மோடமாகப் பயன்படும் யூஎஸ்பி டொங்கிள் ஒன்றையும் கொண்டு, தானே டயல் செய்து, அறுந்தால் தானே மீண்டும் டயல் செய்து, வீட்டிலுள்ள எல்லோருக்கும் இணைப்பைப் பகிர்ந்து, இணைப்பே இல்லாத வேளையிலும் ஓரளவு பயன்படும் ஒரு யுனிக்ஸ் வழங்கியை (சேர்வரை) அமைக்கும் முறையைச் சொல்கிறது. முனையத்தில் கட்டளை தட்டிப் பழகியவர்களை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன். கட்டளைகளையும் அமைப்புச் சொற்களையும் இங்கே ஒலிப்பின்படி தந்துள்ளேன். விசைப்பலகையில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே தட்ட வேண்டும்.

இணைப்பு அறுந்து போவதை விதிவிலக்காகக் கருதி அமைக்கும் வழங்கி நம் பகுதியில் ஒரு மாரிகூடத் தாங்காது. அறுவதை இயல்பாகவும், நிலைப்பதைத் தற்காலிகமாகவும் எடுத்துக்கொண்டால் கீழே வரும் தெரிவுகள் ஒவ்வொன்றின் காரணமும் விளங்கும்.

இன்னும் ஏன் டயல் செய்கிறோம்

1981இல் ஹேய்ஸ் நிறுவனம் தன் ஸ்மார்ட்மோடத்துக்காக வகுத்த "ஏடி" கட்டளைகளைத்தான் இன்றைய டொங்கிள்களும் கேட்கின்றன. தொலைபேசிக் கம்பியின் வழியாக இணைய நெறிமுறையைக் கொண்டு செல்வதற்காக 1994இல் நெறிப்படுத்தப்பட்ட பிபிபி என்ற முறையே இன்றும் தொடர் துறை வகை டொங்கிள்களுக்கும் கணினிக்கும் இடையிலான பேச்சு மொழி. போருக்குப் பின் வன்னியின் பல வீடுகளுக்கு வந்த முதல் நிலையான தொலைபேசி சிடிஎம்ஏ வகைக் கம்பியில்லாக் கருவிதான். அந்த வகைக் கருவியைக் கணினியோடு இணைத்து #777 என்று டயல் செய்தால் டேட்டா திறந்தது. 3ஜி, 4ஜி டொங்கிள்களில் அந்த இடத்தில் *99# நிற்கிறது.

*99# என்பது மறுமுனையில் யாரும் எடுக்கும் எண் அல்ல. டேட்டா வழியைத் திற என்று டொங்கிளுக்குச் சொல்லும் குறியீடு அது. கணினி தொடங்கும் பிபிபி உரையாடல் கோபுரம் வரை போவதில்லை. பெரும்பாலான டொங்கிள்களில் அது டொங்கிளுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. பயனர்பெயர், கடவுச்சொல் என எதைக் கொடுத்தாலும் பல வேளைகளில் ஏற்கப்படுவது அதனால்தான். பிபிபி இணைப்பு உயிரோடு இருப்பதாகக் காட்டும்போதே இணையம் செத்துக் கிடப்பதற்கும் அதுவே காரணம். இதை நினைவில் வைத்திருங்கள். கண்காணிப்புப் பகுதியில் இதுவே அடிப்படை.

பழைய பாணியில், வெளியூரிலிருந்து சாதாரணத் தொலைபேசிக் கம்பி வழியாக வீட்டு வழங்கிக்கு மணியடித்து உள்ளே நுழையும் ஆசை சிலருக்கு இருக்கலாம். செம்புக் கம்பி இணைப்பும், தன் வேலையைத் தானே செய்யும் வெளிப்புற மோடமும் இருந்தால், எம்கெட்டி என்ற நிரல் அழைப்பை எடுத்து, வருவது பிபிபி என்று கண்டதும் பிபிபியைக் கையாளும் பிபிபிடி நிரலிடம் ஒப்படைத்துவிடும். இரு முனையிலும் சாதாரண மோடம் இருக்கும்போது வேகம் வினாடிக்கு 33.6 கிலோபிட்டுக்கு மேல் போகாது. 56 கிலோபிட் வேகத்துக்கு ஒரு முனை தொலைபேசி நிலையத்தோடு டிஜிட்டலாக இணைந்திருக்க வேண்டும். கம்பியில்லாத் தொலைபேசியில் குரலைச் சுருக்கும் முறை மோடத்தின் ஒலியைச் சிதைத்துவிடும், இணையம் வழியாகப் போகும் குரல் இணைப்புகளும் நம்பத்தக்கவை அல்ல. ஆகவே இதைப் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ளலாம், வேலைக்கு நம்ப வேண்டாம். வெளியிலிருந்து நுழைய நடைமுறைக்கு ஒத்த வழி பின்னால் வருகிறது.

இயந்திரமும் மின்சாரமும்

ராஸ்பெரி பை போன்ற சிறு கணினிப் பலகைகளை எல்லோரும் பரிந்துரைப்பார்கள். நான் பழைய மடிக்கணினியையே சொல்வேன். அதனுடைய பற்றறி சிறு மின்தடைகளைத் தாங்கும். உள்ளே கடிகாரம் இருப்பதால் மின்சாரம் போய் வந்தாலும் நேரம் தவறாது. கோளாறு வந்தால் திரையும் விசைப்பலகையும் கையோடு இருக்கின்றன. ராஸ்பெரி பை 4 வரையான மாதிரிகளில் கடிகாரம் இல்லை. இணையம் வரும் வரை அவற்றுக்குத் தேதி தெரியாது. தேதி தவறினால் பாதுகாப்பான தளங்களின் சான்றிதழ்கள் ஏற்கப்படாமல் போகும். டொங்கிள் மின்சாரம் கூடுதலாக இழுக்கும் கணத்தில் அந்தப் பலகை தடுமாறுவதும் உண்டு. பலகைதான் கையில் இருக்கிறதென்றால் தனி மின்வழங்கல் உள்ள யூஎஸ்பி ஹப் ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள்.

மடிக்கணினியின் மூடியைச் சாத்தினால் தூங்கிவிடாதபடி, மூடி, மின்பொத்தான் ஆகியவற்றைக் கவனிக்கும் லொகின்டி நிரலின் அமைப்புக் கோப்பில் ஹாண்டில்லிட்சுவிட்ச் என்பதற்கு இக்னோர் என்று எழுத வேண்டும். பற்றறி 80 வீதத்துக்கு மேல் ஏறாமல் நிறுத்தும் வசதி இருந்தால் அதைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். எப்போதும் நிறைந்தபடி, தகரக் கூரையின் வெக்கையில் கிடக்கும் பற்றறி ஊதிப் பருத்துவிடும். ஊதிய பற்றறியைக் கழற்றி அப்புறப்படுத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

நீண்ட மின்தடைக்கு 12 வோல்ட் பற்றறி வைப்பவர்கள் கணக்கை முதலில் போட்டுப் பார்க்க வேண்டும். 100 ஆம்பியர்-மணி ஈயப் பற்றறியில் 1200 வாட்-மணி இருக்கிறது. பற்றறி கெடாதிருக்க அதில் பாதியைத்தான் எடுக்கலாம். திரை அணைந்த மடிக்கணினியும் டொங்கிளும் சேர்ந்து 15 வாட் இழுத்தால் அந்த 600 வாட்-மணி 40 மணி நேரம் வரும். மாற்றிகளில் வீணாவதைக் கழித்தால் 30 மணி நேரத்துக்குச் சற்று மேல் என்று எதிர்பார்க்கலாம். 12 வோல்ட்டை 230 வோல்ட்டாக்கி, பிறகு அதை மடிக்கணினியின் அடாப்டரால் 19 வோல்ட்டாக இறக்குவது இரட்டை நட்டம். 12 வோல்ட்டிலிருந்து நேரே 19 வோல்ட்டுக்கு உயர்த்தும் மாற்றியை வாங்கினால் இன்வேட்டர் தேவையில்லை.

சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பிற்பகல் இடி நெருங்குமுன்பே சுவர் பிளக்கைக் கழற்றிவிட்டு வழங்கியைப் பற்றறியில் ஓட விடுவதே சிறந்த மின்னல் காப்பு. வீட்டிலுள்ள சிறுவர்களிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்தால் மறக்கமாட்டார்கள்.

டொங்கிளின் இடம்

கோபுரம் தொலைவில் இருக்கும் ஊர்களில் வழங்கியின் தரத்தை நிர்ணயிப்பது கணினி அல்ல, டொங்கிள் இருக்கும் இடமே. தகரக் கூரையின் கீழே, சுவருக்குப் பின்னால் செருகிய டொங்கிள் பாதிச் சிக்னலை இழந்துவிடும். அதை வெளியே கொண்டுபோக வேண்டும், ஆனால் சாதாரண யூஎஸ்பி வயர் 5 மீற்றருக்கு மேல் நம்பத்தக்கதல்ல. இடையில் மின்பெருக்கி உள்ள நீட்டிப்பு வயரே வேண்டும். கோபுரம் இருக்கும் பக்கத்துத் தாழ்வாரத்தின் கீழ், மழைச் சாரல் படாத பிளாஸ்ரிக் பெட்டிக்குள், அடியில் ஒரு சிறு துளையோடு வையுங்கள். பெட்டிக்குள் எறும்பு குடியேறாதிருக்கத் துளையில் மெல்லிய வலை ஒட்டுவது நல்லது. வன்னியில் எறும்பு புகாத மின்பெட்டியை நான் கண்டதில்லை. உயரமான கம்பத்தில் அன்ரெனா கட்டுவதை நான் ஊக்குவிப்பதில்லை. சிக்னல் கூடும், ஆனால் மின்னலுக்கு வீட்டுக்குள் வழி காட்டியது போலாகும். அப்படியே கட்டுவதானால் நிலக்கம்பி இணைப்பைத் தெரிந்த மின்னியலாளரைக் கொண்டு செய்விக்க வேண்டும்.

சரியான இடத்தை ஊகித்துத் தேடாமல் அளந்து தேடுங்கள். மினிகொம் போன்ற நிரலால் டொங்கிளின் தொடர் துறையைத் திறந்து ஏடி+சிஎஸ்கியூ என்று கேட்டால் 0 முதல் 31 வரை ஓர் எண் வரும். 99 வந்தால் டொங்கிளுக்கே தெரியவில்லை என்று பொருள். அந்த எண்ணை இரண்டால் பெருக்கி 113ஐக் கழித்தால் டெசிபெல் மில்லிவாட் அளவு கிடைக்கும். 10 என்றால் மைனஸ் 93, 20 என்றால் மைனஸ் 73. பெட்டியை ஒரு முழம் நகர்த்தினாலே எண் மாறுவதைக் காண்பீர்கள். நல்ல எண் வந்தும் இரவு எட்டு மணிக்கு வேகம் படுத்தால், அது கோபுரத்தின் நெரிசல். அன்ரெனாவால் அதற்குத் தீர்வு இல்லை.

வாங்கும்போது டொங்கிளின் வகையைக் கவனியுங்கள். சில டொங்கிள்கள் தாமே சிறு ரவுட்டராக நடந்துகொண்டு 192.168.8.1 போன்ற முகவரியில் ஒரு வலைப்பக்கத்தைக் காட்டும். ஹுவாவெய் நிறுவனம் ஹைலிங்க் என்று அழைப்பது இவ்வகையை. அவற்றில் டயல் செய்யும் பொறுப்பு உங்கள் கையில் இல்லை. தொடர் துறைகளைக் காட்டும் வகையே இங்கே பொருந்தும். பிபிபி வழி 4ஜியின் முழு வேகத்தையும் எடுக்காது. கூடுதல் வேகம் தேவைப்படுவோர், பிபிபி இல்லாமல் டொங்கிளோடு பேசும் கியூஎம்ஐ அல்லது எம்பிஐஎம் முறைக்குப் பிறகு மாறலாம். கீழே சொல்லும் கண்காணிப்பும் பகிர்வும் அவற்றுக்கும் பொருந்தும்.

இயங்குதளம்

டெபியன் என்ற லினக்ஸ் வகையைப் பரிந்துரைக்கிறேன். ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி ஆகியவற்றிலும் இதே வேலையைச் செய்யலாம், கோப்புகளின் பெயரும் இடமும் மட்டும் வேறு. மடிக்கணினி 32 பிட் வகையாக இருந்தால், டெபியன் 13இல் அதற்கான நிறுவி இல்லை என்பதால் ஓபன்பிஎஸ்டி அல்லது நெட்பிஎஸ்டியே நல்ல தெரிவு.

நிறுவுவதற்கு இணையம் வேண்டும், இணையத்துக்கு நிறுவியிருக்க வேண்டும் என்ற முடிச்சை ஊரில் இருந்துகொண்டு அவிழ்க்கப் பார்க்காதீர்கள். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஃபைபர் இணைப்பு உள்ள உறவினர் வீட்டில் அமர்ந்து, இயங்குதளத்தோடு பிபிபி, யூஎஸ்பி-மோட்சுவிட்ச், டிஎன்எஸ்மாஸ்க், என்எஃப்டேபிள்ஸ், ஹொஸ்ட்ஏபிடி, நேரத்தைச் சரிசெய்யும் குரோனி, தொலைவிலிருந்து நுழைவதற்கான ஓபன்எஸ்எஸ்எச், வயர்கார்ட், கம்மு ஆகிய பொதிகளையும் நிறுவி முடித்துக்கொண்டே திரும்புங்கள். யூஎஸ்பி-மோட்சுவிட்ச் ஏனென்றால், பல டொங்கிள்கள் செருகியவுடன் தம்மை ஒரு குறுந்தட்டாகக் காட்டிக்கொள்ளும். அவற்றை மோடமாக மாற்றுவது அதுதான். மோடம்மனேஜர் என்ற பொதி இருந்தால் முடக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் திறக்கப் போகும் துறையை அது பிடித்துக்கொள்ளும். சிம் அட்டையின் பின் எண்ணையும் ஒரு கைத்தொலைபேசியில் போட்டு நீக்கிவிடுங்கள்.

டயல் செய்தல்

டொங்கிளைச் செருகினால் இரண்டு அல்லது மூன்று தொடர் துறைகள் தோன்றும். அவற்றின் எண்கள் செருகும் ஒழுங்கைப் பொறுத்து மாறும் என்பதால், டிடிஒய்யுஎஸ்பி0 என்று எழுதி வைத்தால் ஒருநாள் ஏமாற்றும். சாதன அடைவில் சீரியல், அதற்குள் பை-ஐடி என்ற உள்ளடைவில் கருவியின் அடையாளத்தைக் கொண்ட நிலையான பெயர்கள் இருக்கும், அவற்றையே பயன்படுத்துங்கள். ஒரு துறை டேட்டாவுக்கு, இன்னொன்று கட்டளைகளுக்கு. இரண்டாவது துறையால்தான் இணைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே சிக்னலை அளக்கவும் குறுஞ்செய்தி அனுப்பவும் முடிகிறது.

அடுத்தது, மோடத்தோடு பேசி டயல் செய்யும் சாட் நிரலுக்கான உரையாடல் கோப்பு. எதிர்பார்க்கும் சொல், அனுப்பும் சொல் என்று அது இணை இணையாகப் போகும். முதலில், பிஸி, நோ கேரியர், எரர் ஆகிய பதில்கள் வந்தால் கைவிடும்படி அபோர்ட் வரிகளை எழுதுங்கள். பிறகு ஒன்றையும் எதிர்பாராமல் ஏடிஇசட் அனுப்பி மோடத்தைத் தொடக்க நிலைக்குக் கொண்டு வருதல். ஓகே வந்ததும் ஏடி+சிஜிடிசிஓஎன்டி கட்டளையால் முதலாம் டேட்டா வழிக்கு உங்கள் சிம் நிறுவனத்தின் ஏபிஎன் (டேட்டா வாசல்) பெயரைக் கொடுத்தல். மீண்டும் ஓகே வந்ததும் ஏடிடி*99# அனுப்புதல். கனெக்ட் என்ற பதிலோடு கோப்பு முடிகிறது. ஏபிஎன் பெயரை அதே சிம்மைக் கைத்தொலைபேசியில் போட்டு அமைப்புகளில் பார்த்தே எழுதுங்கள்.

பிபிபிடியின் பியர்ஸ் அடைவில் இந்த இணைப்புக்கென ஒரு கோப்பு வேண்டும். அதில் சாதனத்தின் பெயர், சாட் கோப்பை அழைக்கும் கனெக்ட் வரி, மறுமுனை தன்னை நிரூபிக்கத் தேவையில்லை எனச் சொல்லும் நோஓத், இந்த வழியையே வெளிவாசலாக்கும் டிஃபோல்ட்ரூட், பெயர்த் தேடலுக்கான முகவரிகளை வாங்கிக்கொள்ளும் யூஸ்பியர்டிஎன்எஸ் ஆகியவை போக, நமக்கு உயிரான மூன்று வரிகள் உள்ளன. பெர்சிஸ்ட், அறுந்தால் மீண்டும் தொடங்கச் சொல்லும். ஹோல்டொஃப் 20, மீண்டும் தொடங்குமுன் 20 வினாடி பொறுக்கச் சொல்லும். மாக்ஸ்ஃபெயில் 0, எத்தனை முறை தோற்றாலும் கைவிடாதே என்று சொல்லும். மூன்றாவதை மறந்தால், தொடர்ந்து பத்து முறை தோற்றதும் பிபிபிடி நின்றுவிடும். கோபுரத்துக்கு மின்சாரம் இல்லாத ஓர் இரவு அதற்குப் போதும், காலையில் கோபுரம் வந்தாலும் வழங்கி வராது.

எல்சிபி-எக்கோ என்ற வரிகளைச் சேர்த்து இணைப்பின் உயிரைச் சோதிக்குமாறு பழைய கையேடுகள் சொல்லும். கம்பி மோடத்துக்கு அது சரி. டொங்கிளில் அந்த எதிரொலி டொங்கிளுக்குள்ளிருந்தே திரும்பி வருவதால் வெளியுலகைப் பற்றி எதுவும் சொல்லாது. சில டொங்கிள்கள் பதிலே தராததால் நல்ல இணைப்பும் வெட்டப்படும். அதைத் தவிர்த்துவிட்டு உங்களுடைய சொந்தக் கண்காணிப்பை எழுதுங்கள்.

அந்தக் கண்காணிப்பு இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் சிறு ஷெல் நிரலாக இருக்கலாம். 1.1.1.1, 8.8.8.8 ஆகிய இரு பொது வழங்கிகளின் முகவரிகளுக்கும் பிங் அனுப்பட்டும். எண்களைக் கொடுப்பதால் பெயர்த் தேடலின் கோளாறு இணைப்பின் கோளாறாகத் தோன்றாது. இரண்டும் தொடர்ந்து மூன்று முறை தோற்றால் பிஒஃப் கட்டளையால் இறக்கி, பிஒன் கட்டளையால் ஏற்றட்டும். அதற்கும் சரிவராவிட்டால் இரண்டாம் துறை வழியாக ஏடி+சிஎஃப்யுஎன்=1,1 அனுப்பி டொங்கிளையே மீளத் தொடங்கட்டும். முயற்சிகளுக்கு இடையிலான காத்திருப்பை 2, 5, 15 நிமிடம் என்று கூட்டிக்கொண்டு போவது முக்கியம். டேட்டா தீர்ந்ததால் வந்த மௌனத்தை எத்தனை டயலும் தீர்க்காது.

அந்த வேளைக்குத்தான் குறுஞ்செய்தி அனுப்பும் கம்மு. டேட்டா இல்லாதபோதும் குறுஞ்செய்தி போகும். இணைப்பு ஒரு மணி நேரம் திரும்பாவிட்டால் சிக்னல் அளவையும் பற்றறி நிலையையும் உங்கள் கைத்தொலைபேசிக்கு வழங்கியே செய்தியாக அனுப்பலாம். உங்கள் எண்ணிலிருந்து வரும் செய்திக்கு மீண்டும் டயல் செய்யும்படியும் அமைக்கலாம். ஆனால் அனுப்புநர் எண்ணைப் போலியாக்க முடியும் என்பதால், நிலை கேட்டல், மீண்டும் டயல் செய்தல் ஆகிய இரண்டுக்கு மேல் எந்த அதிகாரத்தையும் குறுஞ்செய்திக்குக் கொடுக்காதீர்கள்.

வீட்டுக்குள் பகிர்தல்

உள் வலையமைப்புக்கு 192.168.50.1 போன்ற, வேறு ரவுட்டர்களோடு மோதாத முகவரியை எடுங்கள். கேர்னலின் ஐபி ஃபோர்வேட் அமைப்பை 1 ஆக்கி, டொங்கிள் இணைப்பின் பெயரான பிபிபி0 வழியாக வெளியேறும் போக்குவரத்துக்கு, உள் முகவரிகளை வழங்கியின் முகவரியாக மாற்றும் மாஸ்கரேட் விதியை என்எஃப்டேபிள்ஸ் என்ற தீச்சுவரில் எழுதினால் பகிர்வு நடக்கும். வெளியிலிருந்து வரும் புதிய இணைப்புகள் அனைத்தையும் மறுத்து, உள்ளிருந்து தொடங்கியவற்றின் பதில்களை மட்டும் அனுமதிக்கும் விதியையும் அன்றைக்கே எழுதிவிடுங்கள்.

மடிக்கணினியின் வைஃபையை ஹொஸ்ட்ஏபிடி கொண்டு ஒலிபரப்பலாம். அதன் வீச்சு வளவின் மறு மூலைக்கு எட்டாது. பாவனையில் இல்லாத பழைய ரவுட்டர் ஒன்றில் டிஎச்சிபியை (தானாக முகவரி வழங்குவதை) நிறுத்திவிட்டு, லான் துறையில் வயரைச் செருகினால் அது நல்ல வைஃபை நிலையமாகிவிடும். முகவரி வழங்கலையும் பெயர்த் தேடலையும் டிஎன்எஸ்மாஸ்க் பார்த்துக்கொள்ளும். அது இயல்பாக 150 பெயர்களையே நினைவில் வைத்திருக்கும். அதை ஆயிரத்துக்கு மேல் உயர்த்தினால் மெதுவான இணைப்பில் பக்கம் திறக்கும் வேகத்தில் வித்தியாசம் தெரியும்.

அயல் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுப்பது நம் ஊரில் இயல்பு. கொடுங்கள், ஆனால் தனி வைஃபை பெயரில், ஒருவருடைய கருவியை மற்றவருடையது காணாதபடி பிரித்துக் கொடுங்கள். சிம் உங்கள் பெயரில் பதிவாகியிருக்கிறது. அதன் வழியாகப் போவது யாவும் உங்கள் பெயரிலேயே போகிறது.

இணைப்பு இல்லாத நேரத்துக்கு

ஒருவர் பார்த்த பக்கத்தைச் சேமித்து அடுத்தவருக்குக் கொடுக்கும் ஸ்குவிட் போன்ற இடைநிலைச் சேமிப்புகள் ஒரு காலத்தில் டயலப் வீடுகளின் வரமாக இருந்தன. இன்று ஏறத்தாழ எல்லாத் தளங்களும் மறையாக்கத்தோடு வருவதால் அவற்றால் பயன் குறைவு. அதற்குப் பதில், தேவையானதைத் தெரிந்தெடுத்து முன்கூட்டியே இறக்கி வையுங்கள். கிவிக்ஸ் நிரலால் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் வழங்கியில் வைத்து வீட்டுக்குள் பரிமாறலாம். சாதாரண தர, உயர்தரக் கடந்தகால வினாத்தாள்களையும், நூலகம் தளத்தில் திறந்த அணுக்கத்தில் கிடைக்கும் நூல்களையும் ஓர் அடைவில் போட்டு வைத்தால், இணையம் இல்லாத மாலையிலும் பிள்ளைகள் படிப்பார்கள். இறக்கங்களை நள்ளிரவுக்குப் பிந்திய டேட்டாவில், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் குரோன் மூலம், டபிள்யூகெட்டின் தொடரும் வசதியோடு நடத்துங்கள். இடையில் அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். விஎன்ஸ்டாட் நிரல் அன்றாடச் செலவைக் கணக்கு வைக்கும்.

வெளியூரிலிருந்து நுழைதல்

பிபிபி0க்குக் கிடைக்கும் முகவரி 10இலோ, 100.64 முதல் 100.127 வரையான தொகுதியிலோ தொடங்குவதைப் பார்ப்பீர்கள். அவை பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்தும் ஏற்பாட்டுக்குரியவை. வெளியிலிருந்து அந்த முகவரியைத் தேடி யாரும் வர முடியாது. எனவே வழங்கிதான் வெளியே போய் ஒரு சந்திப்பு இடத்தில் காத்திருக்க வேண்டும். வாடகை வழங்கி ஒன்று அதற்குப் போதும். ரொறொன்ரோவிலோ இலண்டனிலோ பொது முகவரியோடு இணையம் வைத்திருக்கும் அண்ணாவின் வீட்டில் ஒரு சிறு கணினி இருந்தாலும் போதும்.

இரு கணினிகளுக்கு இடையே மறையாக்கிய தனி வழி போடும் வயர்கார்ட் இதற்கு எளிது. இணைப்பு அறுந்து புது முகவரியோடு திரும்பினாலும் அது தடுமாறுவதில்லை. வன்னி முனையில் பெர்சிஸ்டன்ட்கீப்அலைவ் 25 என்று எழுதினால் 25 வினாடிக்கு ஒருமுறை ஒரு சிறு பொதி போய் வழியைத் திறந்து வைத்திருக்கும். ஒரு பொதி தலைப்புகளோடு 60 பைட், ஒரு நாளைக்கு 3456 பொதி. மொத்தம் ஏறத்தாழ 0.2 மெகாபைட். எஸ்எஸ்எச்சில் கடவுச்சொல் நுழைவை நிறுத்தி, சாவிக் கோப்பால் மட்டும் நுழையும்படி செய்யுங்கள்.

முடிந்ததும் சோதித்தல்

மின்சாரத்தை நிறுத்திப் பாருங்கள், பற்றறி பத்து வீதத்துக்கு வந்ததும் அணையும்படி அமைத்திருந்தால் வழங்கி ஒழுங்காக அணைகிறதா என்று பாருங்கள். டொங்கிளை ஓடிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கிச் செருகி, எவரும் தொடாமல் இணைப்பு திரும்புகிறதா எனக் கவனியுங்கள். டேட்டாவை வேண்டுமென்றே தீர விட்டு, குறுஞ்செய்தி வருகிறதா என்று பாருங்கள். பல மடிக்கணினிகள் முழுதாக அணைந்தபின் மின்சாரம் வந்தாலும் தாமாக எழுவதில்லை. பயோஸில் அதற்கான தெரிவு இல்லையென்றால், பொத்தானை அழுத்துவதற்கு வீட்டில் ஒருவரைப் பழக்க வேண்டும்.

பிபிபி, என்எஃப்டேபிள்ஸ், டிஎன்எஸ்மாஸ்க், வயர்கார்ட் ஆகியவற்றின் அமைப்புக் கோப்புகளை ஒரு யூஎஸ்பி நினைவகத்தில் பிரதியெடுத்து, அதே வீட்டில் அல்லாமல் வேறொரு வீட்டில் வைத்திருங்கள். வயர்கார்ட் சாவியும் அதில் இருக்கும் என்பதால், நம்பிக்கையான வீடாகப் பார்த்துக் கொடுங்கள்.